பூச்சி அசையட்டும்

பூச்சிப் படங்களின் கீழே அடிக்கடி ஒரு வரியைப் பார்க்கிறோம்: "இயற்கை வெளிச்சத்தில் எடுத்தது, ஃப்ளாஷ் போடவில்லை." எடுத்தவர் அதைப் பெருமையோடு எழுதுகிறார், பார்ப்பவர்களும் மதிப்போடு ஏற்றுக்கொள்கிறார்கள். சூரியன் என்றால் உண்மை, ஃப்ளாஷ் என்றால் செயற்கை என்ற எண்ணம் அந்த வரிக்குள் இருக்கிறது. யானையையோ மயிலையோ தள்ளி நின்று எடுப்பவருக்கு இந்தக் கொள்கையில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் பத்து மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சிலந்தியின் கண்ணை ஒரு சாணுக்குள் நெருங்கி எடுக்கும்போது அதே கொள்கை வேறொரு இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. உயிருள்ள பூச்சி அதன் இடத்தில், அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது எடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், பெரும்பாலான நேரம் அதற்குத் தடையாக நிற்பது இந்த 'இயற்கை வெளிச்சம் மட்டுமே' என்ற பிடிவாதம்தான். நெடுநாளாக மனதில் உறுத்திக்கொண்டிருக்கும் இந்தக் கருத்தைக் கொஞ்சம் கணக்கோடு எழுதிப் பார்க்கிறேன்.

ஒரு மில்லிமீட்டர் ஆழம்

1:1 உருப்பெருக்கத்தில் பொருளின் அளவும் சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவும் ஒன்றே. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உள்ள பரப்பு படம் முழுவதையும் நிரப்பிவிடும். இந்த நெருக்கத்தில் எஃப் 2.8 வைத்தால் (எஃப் எண் கூடக் கூட, ஒளி நுழையும் லென்ஸ் திறப்பான அப்பர்ச்சர் சிறிதாகும்) தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. எஃப் 11இல் அது 1.3 மி.மீ. ஆகிறது. எஃப் 16இல்கூட 2 மி.மீ.யைத் தொடுவதில்லை. பிம்பம் பொருளைப்போல் இருமடங்காகும் 2:1க்குப் போய் எஃப் 8 வைத்தால் மறுபடியும் 0.4 மி.மீ.க்குக் கீழே வந்துவிடும். வீட்டுச் சுவரில் ஈ பிடிக்கும் குதிக்கும் சிலந்தியின் நான்கு முன்கண்களும் முகத்து முடிகளும் ஒருசேரத் தெளிவாக விழ ஒரு மில்லிமீட்டராவது ஆழம் வேண்டும். ஆகவே அப்பர்ச்சரை மூடித்தான் தீர வேண்டும்.

மூடினால் வெளிச்சம் குறையும். அது போதாதென்று, லென்ஸ் நெருக்கத்துக்கு நீளும்போதே இன்னொரு இழப்பும் சேர்ந்துகொள்கிறது. உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி, அதை எஃப் எண்ணோடு பெருக்கினால் வருவதுதான் உண்மையில் வேலை செய்யும் எஃப் எண். 1:1இல் எஃப் 11 வைத்தால் எஃப் 22 அளவு வெளிச்சமே உள்ளே வரும், அதாவது இரண்டு ஸ்டாப் இழப்பு (ஒரு ஸ்டாப் இழப்பு என்றால் வெளிச்சம் பாதியாவது). நிக்கான் கேமராக்கள் நிக்கானின் நெருக்கப் பட லென்ஸான மேக்ரோ லென்ஸில் இந்தத் திருத்திய எண்ணைக் காட்டுகின்றன, கேனான் காட்டுவதில்லை. இரண்டு பேர் அமைப்புகளை ஒப்பிட்டுக் குழம்புவதற்கு இது ஒரு காரணம். தொலைவை நெருக்கிக் காட்டும் டெலி ஜூமின் முன்னால் ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்ற உருப்பெருக்கும் கண்ணாடியை மாட்டி எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே ஜூம் முடிவிலியில் ஃபோகஸ் ஆகியிருப்பதால் எஃப் எண் மாறுவதில்லை. மேக்ரோ லென்ஸில் எஃப் 11 தரும் ஆழத்தை அதே 1:1இல் பெற, இவர்கள் எஃப் 22 அருகே வைக்க வேண்டியிருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றவர் சொன்ன எஃப் 8ஐ அப்படியே வைத்துவிட்டு, கண்ணாடி சரியில்லை என்று அதை விற்றுவிடுகிறவர்கள் உண்டு. டிசிஆர்-250 எட்டு டயாப்டர் வலிமை கொண்டது, பொருளிலிருந்து ஏறக்குறைய 125 மி.மீ. தொலைவில் ஃபோகஸ் ஆகும். 250 மி.மீ. ஜூமில் மாட்டினால் 250ஐ 125ஆல் வகுத்து 2:1 கிடைக்கும். விலைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்பர்ச்சரை இன்னும் இன்னும் மூடிக்கொண்டே போகலாமா என்றால், முடியாது. உண்மை எஃப் 22இல் விளிம்பு விளைவால் (சிறு திறப்பின் ஓரத்தில் ஒளி வளைவதால்) ஒவ்வொரு புள்ளியும் 0.03 மி.மீ. அகலமுள்ள வட்டமாக விரிகிறது. எஃப் 32, 45 என்று போகப் போக ஆழம் கூடுகிறது, ஆனால் எந்த இடமும் கூர்மையாக இருப்பதில்லை. கூட்டுக்கண்ணின் அறுகோணங்கள் முதலில் மறையும். 1:1இல் எஃப் 11, 2:1இல் எஃப் 8 என்று நிறுத்திக்கொள்வது நல்லது.

இப்போது வெளிச்சத்தைப் பார்ப்போம். வெயில் நேரடியாகப் படாத, ஆனால் மேலே வானம் திறந்திருக்கும் நல்ல நிழலில் உண்மை எஃப் 22க்கு, சென்சாரின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓ 100இல் ஏறக்குறைய 1/8 நொடி தேவை. ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றினால் 1/125 வரும். மரங்கள் அடர்ந்த சோலைக்குள் போனால் வெளிச்சம் எட்டில் ஒன்றாகி, அதே 1600இல் 1/15க்கு இறங்கிவிடும். சிலந்தி நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர் நடக்கிறது என்று வையுங்கள், அது அதற்கு மெதுநடைதான். 1/125 நொடியில் அது 0.16 மி.மீ. நகர்ந்துவிடும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய) சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 0.004 மி.மீ. நாற்பது பிக்சல் அளவுக்கு இழுபட்ட கண்ணை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இலையை ஆட்டும் காற்றும் நம் கைநடுக்கமும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவே இல்லை.

ஆகவே இயற்கை வெளிச்சத்தில் மட்டும் எடுப்பவருக்கு அசையாத பூச்சி தேவைப்படுகிறது. அந்த அசையாமை எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

அசையாமை வரும் வழிகள்

நேர்மையான வழி ஒன்று இருக்கிறது: விடியற்காலை. பூச்சிகளின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தை ஒட்டியது, குளிர்ந்தால் தசைகள் இயங்கா. நீலப்பட்டைத் தேனீயின் ஆண்கள் அந்தியில் ஒரு காய்ந்த தண்டைத் தாடைகளால் கவ்விப் பிடித்துக்கொண்டு வரிசையாக உறங்கும். தட்டான்களும் ஊசித்தட்டான்களும் புல்நுனியில் பனி போர்த்தி நிற்கும். முக்காலி வைத்து, இரண்டு நொடி தாமதத்தில் ஷட்டரை விட்டு, எஃப் 5.6இல் ஃபோகஸை 0.4 மி.மீ. வீதம் நகர்த்தி இருபது படங்கள் எடுத்தால் 8 மி.மீ. ஆழம் சேரும். ஸெரீன் ஸ்டாக்கர், ஹெலிகான் ஃபோகஸ் போன்ற மென்பொருளில் அவற்றை இணைத்தால் கிடைக்கும் படத்துக்கு ஈடில்லை. வெயில் ஏறி இலை ஆடத் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இந்த அறிவுரை இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் எழுதப்பட்ட வழிகாட்டிகளிலிருந்து வருகிறது. அங்கே கோடையிலும் பல விடியல்களில் பத்து டிகிரி அருகே இறங்கும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ மே மாத விடியலில் 27 டிகிரி இருக்கும்போது எந்தப் பூச்சியும் விறைத்து நிற்காது. மார்கழி, தை மாதங்களில் உள்மாவட்டங்களிலும், ஆண்டின் பெரும்பகுதி நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற உயரங்களிலும் இந்த வழி பலிக்கும். மற்ற இடங்களில் மற்ற மாதங்களில் விடியலில் எழுந்து போவது பனிக்காக அல்ல, காற்று குறைவு என்பதற்காக மட்டுமே பயன்படும்.

இங்கேதான் அடுத்த வழி எட்டிப் பார்க்கிறது. பூச்சியை ஒரு டப்பாவில் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் சிறிது நேரம் வைத்து எடுத்து, செடியில் உட்கார வைத்து, அது விழிப்பதற்குள் படமெடுப்பது. இன்னும் மோசமானவை பசை போட்டு ஒட்டுவது, ஊசியில் கட்டுவது, செத்த பூச்சியை உயிருள்ளதுபோல் நிறுத்துவது. இவற்றைச் செய்பவர்கள் எல்லோரும் கெட்ட மனம் கொண்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. 'ஃப்ளாஷ் கூடாது' என்ற விதியையும் 'நூறு படம் அடுக்கிய கூர்மை வேண்டும்' என்ற ஆசையையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டால், மீதமிருக்கும் வழி அதுதான்.

இப்படி எடுத்த படங்களைப் பழகிய கண் கண்டுபிடித்துவிடும். 4 டிகிரியிலிருந்து நம் ஊர் ஈரக்காற்றுக்கு வந்த உடலில் உடனே நீராவி படியும். அது கண், முடி, இறக்கை என்று பூச்சி முழுக்க மிக நுண்ணிய மூடுபனியாக இருக்கும், ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இலை காய்ந்திருக்கும். உண்மையான பனி இரண்டின் மேலும் பெய்யும், துளிகளின் அளவும் கலந்திருக்கும். கால்களைப் பாருங்கள். உயிருள்ள பூச்சியின் பாத நகங்கள் பரப்பைப் பற்றியிருக்கும். குளிர்ந்ததோ இறந்ததோ என்றால் கால்கள் உடலுக்கு அடியில் மடங்கியோ, பாதம் இலையைத் தொடாமலோ இருக்கும். உணர்கொம்புகள் முன்னோக்கி விரியாமல் தொங்கும். மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பைப்போலவே உருமாறி வாழும் குதிக்கும் சிலந்தி ஒன்று உண்டு. முன்கால்கள் இரண்டையும் உணர்கொம்புகளைப்போல உயர்த்தி ஆட்டிக்கொண்டே அது நடக்கும். அந்த ஆட்டத்தால்தான் அது எறும்பாகத் தோன்றுகிறது. குளிரூட்டி எடுத்த படத்தில் எட்டுக் கால்களையும் ஊன்றிய ஒரு விந்தையான சிலந்தி மட்டும் இருக்கும். எதைக் காட்டுவதற்காக அந்த உயிரைத் தேடிப் போனோமோ அது போய்விட்டது.

2018 ஏப்ரலில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், தன் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் முந்தைய ஆண்டு பரிசு பெற்ற ஒரு படத்தைத் தகுதிநீக்கம் செய்தது. பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்காவில், ஒளிரும் புழுக்கள் நிறைந்த கரையான் புற்றை இரவில் எறும்புண்ணி நெருங்கும் படம் அது. அந்த எறும்புண்ணி பாடம் செய்யப்பட்ட உடல் என்று ஐந்து அறிவியலாளர்கள் தனித்தனியாக ஆராய்ந்து முடிவுக்கு வந்தார்கள். படத்தை எடுத்தவர் அதை மறுத்தார். அந்த விவாதத்தில் ஃப்ளாஷ் பயன்படுத்தினாரா என்று யாரும் கவலைப்படவில்லை. விலங்கு உயிரோடு இருந்ததா என்பதே கேள்வியாக இருந்தது. பூச்சிப் படங்களிலும் அதே கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டும்.

வெளிச்சமே ஷட்டர் ஆகும்போது

ஃப்ளாஷை இருட்டில் வெளிச்சம் தரும் விளக்கு என்று நினைப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் தொடக்கம். நெருக்கப் படத்தில் அதன் முதல் வேலை நேரத்தை வெட்டுவது. கேமராவின் மேல் மாட்டும் ஸ்பீட்லைட் ஃப்ளாஷில் சக்தியைக் குறைத்தால் வெளிச்சத்தின் பிரகாசம் குறைவதில்லை, அது எரியும் கால அளவு குறைகிறது. நிக்கான் எஸ்பி-900ஐ எடுத்துக்கொண்டால், முழுச் சக்தியில் 1/880 நொடி, 1/4 சக்தியில் 1/2550, 1/16 சக்தியில் 1/10000, 1/128 சக்தியில் 1/38500. மற்ற நிறுவனங்களின் ஸ்பீட்லைட்களும் ஏறக்குறைய இதே போக்கில்தான் நடக்கின்றன. கேமராவின் ஷட்டர் 1/200 நொடி திறந்திருக்கலாம். சுற்றுப்புற வெளிச்சம் சென்சாரில் பதியாத அளவு குறைவாக இருந்தால், படம் பதியும் நேரம் 1/10000 மட்டுமே. அந்த நேரத்தில் நம் சிலந்தி நகரும் தூரம் 0.002 மி.மீ., அரைப் பிக்சல்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு நெருக்கப் படக்கலை வேறொன்றாகிவிடுகிறது. பூச்சி நிற்க வேண்டியதில்லை. முக்காலி வேண்டியதில்லை. முசுறு எறும்பு இரையை இழுத்துக்கொண்டு ஓடலாம், கும்பிடுபூச்சி முன்காலை நக்கிச் சுத்தம் செய்யலாம், எருக்கஞ்செடியின் மஞ்சள் அசுவுணிக் கூட்டத்துக்குள் பொறிவண்டு புகுந்து தின்னலாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஹரால்ட் எட்ஜர்டன் 1930களில் மின்ஃப்ளாஷை ஒரு கருவியாக வளர்த்ததும் இதே காரணத்துக்குத்தான், கண்ணுக்குத் தெரியாத வேகத்தைக் காண. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஸ்டீஃபன் டால்டன் 1/25000 நொடி ஃப்ளாஷ் அமைப்பை உருவாக்கிப் பறக்கும் பூச்சிகளைப் படமெடுத்தார். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத் தட்டில் இருக்கும் படங்களில், பூக்களோடு பறக்கும் பூச்சியின் படம் அவருடையது. பூமியின் பூச்சியைப் பிற உலகுக்குக் காட்டத் தேர்ந்தெடுத்த படம் ஒரு ஃப்ளாஷ் படம். அதை இயற்கைக்கு எதிரானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த முறை எங்கே தோற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். நடுப்பகல் நேர்வெயிலில் ஐஎஸ்ஓ 200, 1/200 நொடி, எஃப் 16 என்பதே சூரியனுக்கான சரியான அளவு. நம்முடைய உண்மை எஃப் 22 அதைவிட ஒரு ஸ்டாப் மட்டுமே குறைவு. ஆகவே வெயில் தானும் ஒரு படத்தை எழுதும். ஃப்ளாஷ் எழுதிய கூர்மையான காலுக்குப் பக்கத்தில் வெயில் எழுதிய மங்கிய கால் ஒன்று பேய் மாதிரி நிற்கும். தீர்வு எளிது. உடலாலோ குடையாலோ பூச்சியின் மேல் நிழல் விழச் செய்தால் மூன்று, நான்கு ஸ்டாப் இறங்கும், பேய் மறைந்துவிடும். நிழலை மெதுவாகக் கொண்டுவர வேண்டும், சட்டென்று விழுந்தால் பூச்சி பறந்துவிடும். சிலர் இதற்கு மாற்றாக ஹை ஸ்பீட் சின்க் போட்டு 1/1000 வைக்கிறார்கள். அது இங்கே உதவாது. அந்த முறையில் ஃப்ளாஷ் ஷட்டர் நகரும் நேரம் முழுவதும் தொடர்ந்து துடிக்கிறது, 1/10000 என்ற வெட்டு கிடைப்பதில்லை, வெளிச்சமும் வீணாகிறது.

தொடக்க அமைப்பு இது: கேமரா மேனுவலில், 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ 200, ஃப்ளாஷும் மேனுவலில், 1/16. படம் இருண்டால் ஐஎஸ்ஓவை 400க்கு ஏற்றலாம், ஃப்ளாஷ் சக்தியை 1/4க்கு மேல் ஏற்றுவதைத் தவிர்க்கலாம். ஃப்ளாஷ் சக்தியைக் கேமராவே அளந்து முடிவு செய்யும் டிடிஎல் முறையை வைத்தால் முன்கூட்டியே ஒரு சிறு ஃப்ளாஷ் அடிக்கும். வேகமான சில பூச்சிகள் அதற்கே துள்ளிவிடும். உருப்பெருக்கத்தை முதலில் முடிவு செய்து ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் விட்டு, உடலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக் கண் தெளியும் கணத்தில் அழுத்த வேண்டும். இடது கையால் தண்டைப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸை ஊன்றினால் பூச்சியும் லென்ஸும் ஒன்றாக ஆடும். காற்றும் கைநடுக்கமும் சேர்ந்தே அடங்கிவிடும்.

எதிர்ப்பவர்களிடம் இருக்கும் நியாயம்

ஃப்ளாஷ் படங்கள் அசிங்கமாக இருக்கின்றன என்று சொல்கிறவர்கள் தவறாகச் சொல்லவில்லை. வெறும் ஃப்ளாஷில் எடுத்த பொன்வண்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதன் பச்சையும் பொன்னும் சாயத்தால் ஆனவை அல்ல. மேலோட்டின் நுண்ணடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வரும் நிறம். அப்படிப்பட்ட பரப்பு எதிரில் இருக்கும் வெளிச்சத்தின் உருவத்தையே காட்டும். கேமராவின் மேல் இருக்கும் 7 செ.மீ. அகல ஃப்ளாஷ், 25 செ.மீ. தள்ளியிருக்கும் வண்டுக்கு 16 பாகை அகலத்தில்தான் தெரிகிறது. ஆகவே முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு எரியும், மீதி இருண்டுவிடும். சூரியனோ வானில் அரைப் பாகை அகலம்தான், நேர்வெயில் இதைவிடக் கொடுமையான ஒளி. குற்றம் ஃப்ளாஷில் இல்லை, ஒளிமூலம் சிறியதாக இருப்பதில் இருக்கிறது. 20 செ.மீ. அகலமுள்ள வெள்ளைத் திரையை வண்டிலிருந்து 10 செ.மீ. தொலைவில் நிறுத்தினால் அதற்கு அது 90 பாகை அகலத்தில் தெரியும், வானத்தின் பாதி. அப்போது மேலோடு முழுக்க நிறம் ஓடும்.

இப்படி ஒளியை விரித்து மென்மையாக்கும் திரையான டிஃப்யூசர் செய்ய அதிகச் செலவில்லை. டிவி, மிக்ஸி பெட்டிகளுக்குள் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட்டும் ஒரு தாள் ட்ரேசிங் பேப்பரும் போதும். ஃப்ளாஷ் தலைக்குள் செருகியிருக்கும், ஒளியை அகலமாக்கும் வைட் பேனலை இழுத்து விட்டு, தலையின் மேல் ட்ரேசிங் பேப்பரை ஒரு மடிப்பு ஒட்டுங்கள். இது உள் அடுக்கு, ஒளியை ஓரங்களுக்கு விரிப்பது இதன் வேலை. வெளி அடுக்காக ஏ4 அளவு ஃபோம் ஷீட்டைக் கூரைபோல வளைத்து, லென்ஸின் முன் விளிம்பைத் தாண்டி நான்கைந்து சென்டிமீட்டர் நீட்டி நிற்கும்படி மெல்லிய கம்பியிலோ அட்டையிலோ பொருத்துங்கள். உள் அடுக்குக்கும் வெளி அடுக்குக்கும் இடையே 10 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும். பெரும்பாலான சொந்தத் தயாரிப்புகள் இங்கேதான் தோற்கின்றன. இரண்டு அடுக்கும் ஒட்டியிருந்தால் எத்தனை அடுக்கு போட்டாலும் நடுவில் மட்டும் எரியும். இரண்டையும் இணைக்கும் பக்கச் சுவர்களின் உள்ளே அலுமினியத் தாள் ஒட்டினால் ஒளி வெளியே சிந்தாது. லென்ஸின் கீழே விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை அட்டை நீட்டி வைத்தால் பூச்சியின் அடிவயிற்றுக்கும் வாய்ப்பகுதிக்கும் ஒளி திரும்பிப் போகும்.

செய்து முடித்ததும் வெளியே ஓடாதீர்கள். ஒரு எவர்சில்வர் கரண்டியின் முதுகை அதே தொலைவில் வைத்துப் படமெடுத்துப் பாருங்கள். டிஃப்யூசரின் உருவம் அதில் முழுதாகத் தெரியும். விளிம்பு வரை ஒரே சீராக வெள்ளையாக இருந்தால் வேலை முடிந்தது. நடுவில் பிரகாசமாக ஒரு பொட்டு இருந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது அந்தப் பொட்டுக்கு நேரே மட்டும் உள் அடுக்கில் இன்னொரு சிறு தாள் ஒட்டுங்கள். கரண்டியில் தெரிவதுதான் குதிக்கும் சிலந்தியின் பெரிய கண்களிலும் தெரியப் போகிறது. இரட்டைத் தலை ஃப்ளாஷ் வாங்கியவர்களின் படங்களில் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு வெள்ளைப் பொட்டு தெரிவதும் இதனால்தான்.

அடுக்குகளைக் கூட்டிக்கொண்டே போவதிலும் ஆபத்து இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் ஏறக்குறைய ஒரு ஸ்டாப்பை விழுங்கும். ஈடுகட்ட ஃப்ளாஷை 1/2 சக்திக்கு ஏற்றினால் எரியும் நேரம் 1/1000 பக்கம் வந்துவிடும். சிலந்தியின் கால் மறுபடி இழுபடும், அடுத்த படத்துக்கு ஃப்ளாஷ் தயாராக நொடிக்கணக்கில் ஆகும். ஒளியின் மென்மைக்கும் நேரத்தின் கூர்மைக்கும் இடையில் இருக்கும் இந்தப் பேரத்தைத்தான் டிஃப்யூசர் செய்பவர் ஒவ்வொருவரும் தமக்குத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 1/8 அல்லது 1/16 சக்தியிலேயே நல்ல வெளிச்சம் வரும்படி நிறுத்திக்கொள்வது என் தேர்வு. ஃபோம் ஷீட் மஞ்சளித்தால் படத்திலும் அது ஏறும், ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடலாம்.

கறுப்புப் பின்னணி இன்னொரு புகார். பட்டப்பகலில் எடுத்த படம் நள்ளிரவுபோல் இருக்கிறதே என்பார்கள். ஒளி தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதுதான் காரணம். டிஃப்யூசர் பூச்சியிலிருந்து 10 செ.மீ.யில் இருக்க, பின்னால் இருக்கும் செடி பூச்சியிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருந்தால், அதற்குக் கிடைப்பது இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதே செடி பூச்சிக்குப் பின்னால் 10 செ.மீ.யில் இருந்தால் நான்கில் ஒரு பங்கு கிடைக்கும், பச்சை நிறம் தெளிவாக வரும். ஆகவே வானம் பின்னணியாக நிற்கும் பூச்சியைவிட, பின்னால் இலையோ மரப்பட்டையோ இருக்கும்படியான கோணத்தைத் தேடுங்கள். கோணமே இல்லையென்றால் கீழே உதிர்ந்து கிடக்கும் ஒரு இலையை எடுத்துப் பின்னால் பிடிக்கலாம். இதற்காகச் செடியை ஒடிப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. எருக்கில் ஒரு கிளையை ஒடித்தால் அதில் வளரும் வண்ணத்துப்பூச்சிப் புழுவின் உணவையும் சேர்த்து ஒடிக்கிறோம்.

ஃப்ளாஷ் பூச்சியைத் துன்புறுத்தாதா என்ற கேள்வியும் நியாயமானது. 2019இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் கடற்குதிரைகளையும் கடலடி மீன்களையும் வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஃப்ளாஷைவிட, படத்துக்காகத் தொட்டு நகர்த்துவதே அவற்றை அதிகம் கலங்கச் செய்தது என்பது அதன் முடிவு. மீனுக்குச் சொன்னதைப் பூச்சிக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பூச்சியின் நடத்தையை நாமே பார்க்கலாம். ஃப்ளாஷ் அடித்த பின்னும் அசுவுணியைத் தின்னும் பொறிவண்டு தின்றுகொண்டிருந்தால் தொடரலாம். உணர்கொம்புகள் மடங்கினாலோ, திரும்பத் திரும்ப இடம் மாறினாலோ விலகிவிட வேண்டும்.

ஃப்ளாஷை அணைக்க வேண்டிய இடங்கள்

இவ்வளவு பரிந்து பேசிய பிறகு எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். மின்மினிகள் தங்கள் ஒளியைக் கொண்டே துணை தேடுகின்றன. ஆனைமலைக் காடுகளில் அவை ஆயிரக்கணக்கில் சேர்ந்து மின்னும் பருவத்தில் ஃப்ளாஷும் டார்ச்சும் அந்தப் பேச்சையே குலைக்கும். அங்கே முக்காலியும் நீண்ட எக்ஸ்போஷரும்தான் சரி. தேவாங்கு இருட்டில் பார்ப்பதற்கென்றே அமைந்த பெரிய கண்களைக் கொண்டது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் அதற்காக 2022இல் கடவூர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட உயிரின் முகத்தில் அருகிலிருந்து ஃப்ளாஷ் அடிக்க எந்தப் படமும் காரணமாக முடியாது. ஆந்தை, பக்கி, கூட்டில் அமர்ந்த எந்தப் பறவைக்கும் இதே விதி. குழிவிரியன் பாம்பு ஒரே கிளையில் நெடுநேரம் அசையாமல் இருக்கும். அங்கே அசைவு என்ற பிரச்சினையே இல்லாதபோது, தள்ளி நின்று டெலி லென்ஸில் கிடைக்கும் வெளிச்சத்தில் எடுப்பதே போதும். கொக்கியால் நகர்த்தி 'நல்ல' கிளையில் வைக்கும் பழக்கம் முற்றிலும் ஒழிய வேண்டும்.

பூக்களுக்கும் பொதுவாக ஃப்ளாஷ் வேண்டாம். பூ ஓடாது, இதழ் ஒளியைத் தன்னுள் ஊடுருவ விடும், பின்னாலிருந்து வரும் மேகமூட்ட வெளிச்சத்தில் அதன் நரம்புகள் தெரியும். 'இயற்கை வெளிச்சம் மட்டுமே' என்ற கொள்கை முழுதாகப் பொருந்தும் இடம் இதுதான். மழைக்காலத்தில் வேலியோரம் பூக்கும் செங்காந்தளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிவப்பில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தத்தில் சரியாக இருக்கும்போதே சிவப்புத் தனியாக வலது ஓரத்தில் முட்டி, இதழின் நெளிவுகள் ஒரே சிவப்புத் தட்டையாகிவிடும். மூன்று நிறங்களையும் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்தால் நெளிவும் மஞ்சள் ஓரமும் நிற்கும். வெயில் அடித்தால் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் போதும். இலையின் பளபளப்பைப் போலரைசர் ஃபில்டர் குறைக்கும், ஆனால் ஒன்றரை ஸ்டாப் கேட்கும். காற்றுக்கு, ஒரு மூங்கில் குச்சியைத் தண்டிலிருந்து விரற்கடை தள்ளி ஊன்றி, ஸ்பாஞ்ச் சுற்றிய துணி கிளிப்பால் பூக்காம்பைத் தளர்வாகப் பிடிக்கச் செய்யலாம். இறுக்கினால் காம்பு நசுங்கும், பூ இரண்டு நாளில் வாடும். ஊன்றும்போது கிழங்கில் குச்சி இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிழங்கு கடும் நச்சு, கையில் சாறு பட்டால் கழுவிவிட்டு மற்ற வேலையைத் தொடருங்கள். செங்காந்தளின் இலைநுனிகள் பற்றுக்கம்பிகளாகச் சுருண்டு கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு ஏறுபவை. நெடுநேரம் கழித்துக் குச்சியைப் பிடுங்குவதாக இருந்தால், எந்த இலைநுனியாவது அதைச் சுற்றத் தொடங்கியிருக்கிறதா என்று பார்த்து, விடுவித்துவிட்டுப் பிடுங்குங்கள்.